பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையும்



ஒவ்வோர் ஆண்டும் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவு முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம்மிடையே எழும் கேள்விகள் மாறுவதில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது? எத்தனை பேருக்கு மருத்துவம் கிடைத்தது? எத்தனை பேர் மேல்முறையீடு செய்திருக்கின்றனர்? நாளிதழ்களும் இதையே எழுதுகின்றன. மேடைகளும் இதையே பேசுகின்றன. கேட்க வேண்டிய கேள்விகள்தாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால், இடம் கிடைத்து உள்ளே சென்ற பிள்ளை அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் என்ன பெற்றான், எதை இழந்தான் என்று நாம் கேட்பதில்லை. பதிவு நாளன்று காரில் தலையணையையும் வாளியையும் ஏற்றிக்கொண்டு போய் விடுதியில் இறக்கிவிட்டதோடு நம் கடமை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

இக்கட்டுரை, பல்கலைக்கழக வளாகத்தில் நாள்தோறும் வெளிவரும் சிறு சிறு அறிவிப்புகளையும் அங்கு நடைபெறும் நடவடிக்கைகளையும் பற்றியது. தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு அங்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது என்பதே என் கருத்து.

வளாகத்தில் வெளிவரும் அறிவிப்புகள்

ஒரு பல்கலைக்கழகத்தின் அன்றாட வாழ்வு அறிவிப்புகளால் ஆனது. முன்பு புல முகப்பிலும் விடுதி உணவகத்திலும் பலகைகள் இருந்தன; பலகை நிறைந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள்களை ஒட்டியிருப்பார்கள். இன்று மின்னஞ்சல், மாணவர் இணையவாயில், புலனம், டெலிகிராம் எனப் பல வழிகளில் அவை வந்து குவிகின்றன. வழி மாறியதே தவிர, அவற்றின் தன்மை மாறவில்லை. அவற்றை நான்கு வகையாகப் பிரித்துக் காண்கிறேன்.

முதல் வகை, கல்வி தொடர்பானவை. பாடப் பதிவு எப்போது தொடங்குகிறது, எடுத்த பாடத்தை மாற்றிக்கொள்ள எந்த நாள் இறுதி, தேர்வு அட்டவணை எப்போது வெளிவரும் என்பன போன்றவை. பொதுவாக ஒரு பருவத்தில் கற்பித்தல் வாரங்கள் 14 மட்டுமே. பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் தரப்படும் காலம் அதில் முதல் ஓரிரு வாரங்கள்தாம்.

இரண்டாம் வகை, பணமும் தங்குமிடமும் தொடர்பானவை. 1997இல் தோற்றுவிக்கப்பட்ட பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்விக் கடனுதவி நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டிய காலம், அதற்கு முன்னரே திறந்திருக்க வேண்டிய எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு, உபகாரச் சம்பளங்கள், அடுத்த ஆண்டுக்கான விடுதி விண்ணப்பம் ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாம் வகை, வாய்ப்பு தொடர்பானவை. அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் பயிலும் மாணவர் பரிமாற்றத் திட்டம், தொழிற்பயிற்சிக்கான இடங்கள், விரிவுரையாளரின் ஆய்வுக்கு உதவியாளர் தேவை என்னும் சிறு குறிப்பு, சொற்போர்ப் போட்டிக்கான அழைப்பு முதலியவை.

நான்காம் வகை, நிகழ்ச்சிகள் தொடர்பானவை. பொங்கல் விழா, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, கலை இரவு, இரத்த தான முகாம், விடுதிகளுக்கிடையிலான விளையாட்டு, மாணவர் பேரவைத் தேர்தல் என இப்பட்டியல் நீளும்.

நம் பிள்ளைகள் நான்காம் வகையைத் தவறவிடுவதில்லை. அதிலும் கலை இரவு அறிவிப்பைத் தவறவிடுவதே இல்லை. தவறிப் போவன முதல் மூன்று வகைகள்தாம்.

ஓர் அறிவிப்பின் விலை

என்னிடம் பயின்று பல்கலைக்கழகம் சென்ற மாணவர்கள் சிலர் விடுமுறையில் வந்து பார்ப்பதுண்டு. அவர்கள் வழியாகவே இந்நிலையை அறிந்தேன். ஒரு மாணவி இரண்டாம் ஆண்டில் விடுதி அறையை இழந்தாள். பல பல்கலைக்கழகங்களில் விடுதி அறை தொடர்ந்து கிடைப்பதற்கு நடவடிக்கைப் புள்ளிகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அவளிடம் புள்ளிகள் இருந்தன; விண்ணப்பம் திறந்து மூடியதுதான் அவளுக்குத் தெரியவில்லை. மின்னஞ்சல் வந்திருக்கிறது, திறந்து பார்க்கவில்லை. வெளியே அறை எடுத்துத் தங்கியதால் வாடகையும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்தன. தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்க்கும் தாயின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அப்பணம் போயிற்று.

இன்னொரு மாணவன் பாடத்தை நீக்கும் இறுதி நாளைத் தவறவிட்டான். தன் துறைக்குப் பொருந்தாத பாடம் என்று மூன்றாம் வாரத்தில்தான் உணர்ந்தான். அதற்குள் பதிவு மூடப்பட்டுவிட்டது. அப்பாடத்தில் பெற்ற குறைந்த புள்ளி அவனுடைய தரப்புள்ளிச் சராசரியை இழுத்தது. அந்தச் சராசரியைக் காட்டித்தான் பின்னர் உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

இவ்விருவரும் அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவர்கள் அல்லர். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள். அவர்கள் தோற்றது பாடத்தில் அன்று. பத்து வரி அறிவிப்பில். இதனால்தான் இதை ஒரு சிறு செய்தியாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

தமிழ்ப்பள்ளியில் படித்ததுதான் காரணமா?

இவ்விடத்தில் ஒரு கூட்டத்தார் உடனே எழுந்து நிற்பர். “பார்த்தீர்களா, தமிழ்ப்பள்ளியில் படித்ததால் மலாயும் ஆங்கிலமும் தடுமாறுகின்றன; அதனால்தான் அறிவிப்பு புரிவதில்லை” என்பர். இதை நான் முற்றாக மறுக்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவன் அதன் பிறகு இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகள் மலாயில் படிக்கிறான். அடுத்து ஆறாம் படிவமோ மெட்ரிகுலேசனோ முடித்து, அதே மொழியிலும் ஆங்கிலத்திலும் சோதனை எழுதித்தான் பல்கலைக்கழகத்திற்குள் நுழைகிறான். இயற்பியலையும் பொருளியலையும் புரிந்துகொண்டவனுக்கு “விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடப்படும்” என்னும் வாக்கியமா புரியாது? சிக்கல் மொழியில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. அறிவிப்பைத் தானே தேடிப் படித்து, நாளைக் குறித்து, செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும் பழக்கம் அவனுக்கு எந்தப் பள்ளியிலும் ஏற்படவில்லை. தேசியப்பள்ளியில் படித்த பிள்ளைகளிடமும் இக்குறையைக் காணலாம். ஆனால், முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கு வீட்டில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதனால் அவனுக்கு விழும் அடி கூடுதலாக வலிக்கிறது.

பழக்கம் எங்கே தொடங்க வேண்டும்? ஐந்தில் வளைய வேண்டியது ஐந்தில்தான் வளைய வேண்டும்.

மூன்று முறை சொல்லும் வழக்கம்

நம் பள்ளிகளில் ஓர் அறிவிப்பு எவ்வாறு பயணம் செய்கிறது என்று பாருங்கள். திங்கட்கிழமை சபைகூடலில் தலைமையாசிரியர் சொல்கிறார். பிறகு வகுப்பாசிரியர் வகுப்பில் அதையே மீண்டும் சொல்கிறார். பிற்பகலில் பெற்றோர் புலனக் குழுவில் அதே செய்தி படத்துடன் போய்ச் சேருகிறது. இரவில், “டீச்சர், நாளைக்கு என்ன சட்டை?” என்று குழுவில் ஐந்து பெற்றோர் கேட்கின்றனர். ஆசிரியர் ஐவருக்கும் பதில் எழுதுகிறார். மறுநாள் காலையில் தாய் சட்டையை எடுத்து வைக்கிறார். தந்தை பாரத்தில் கையெழுத்திட்டுப் பையில் திணிக்கிறார்.

இந்த நீண்ட பயணத்தில் மாணவன் எங்கே இருக்கிறான்? சபைகூடலில் அவன் கேட்காவிட்டாலும் வகுப்பில் சொல்வார்கள். வகுப்பில் கேட்காவிட்டாலும் அம்மாவின் கைப்பேசிக்கு வந்துவிடும். கேட்க வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. அறிவிப்பு என்பது தனக்கன்று, தன் பெற்றோருக்கு உரியது என்று அவன் மனத்தில் பதிந்துவிடுகிறது. பன்னிரண்டு வயது வரை இப்படி; பதினேழு வயது வரையிலும் ஏறக்குறைய இப்படித்தான். பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகத்திற்குப் போனதும் அந்த வலை அறுந்துவிடுகிறது. அங்கே யாரும் மூன்று முறை சொல்வதில்லை. ஒரு முறை அனுப்புவார்கள். நாள் கடந்தால் இணையவாயில் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் பொறுப்பின் காரணமாகவும் பெற்றோர் அன்பின் காரணமாகவும் இதைச் செய்கின்றனர். நோக்கத்தைப் பழிக்க முடியாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது தேவையும்கூட. ஆனால், ஏழு வயதில் செய்ததையே பன்னிரண்டு வயதிலும் செய்வது உதவி ஆகாது.

நடவடிக்கைகளைப் பற்றி இரு தவறான எண்ணங்கள்

அறிவிப்புகளை அடுத்து நடவடிக்கைகளுக்கு வருவோம். பெற்றோரிடையே இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. இரண்டும் தவறு என்பது என் கருத்து.

முதலாவது: “எதிலும் தலையிடாதே, படித்து முடித்துவிட்டு வா.” இந்த அறிவுரைக்கு ஒரு வரலாறு உண்டு. 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் மாணவர்களின் அரசியல் ஈடுபாட்டுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. அந்த அச்சத்தில் வளர்ந்த தலைமுறையின் அறிவுரை இது. 2012இலும் 2018இலும் செய்யப்பட்ட திருத்தங்கள் அத்தடைகளைத் தளர்த்திவிட்டன. ஆனால், நம் வீடுகளில் அச்சம் மட்டும் தளரவில்லை. அரசியல் வேண்டா என்பது ஒருபுறம் இருக்கட்டும். சங்கச் செயலாளர் பொறுப்பையும் விடுதி விளையாட்டுக் குழுவையும்கூட அந்த ஒரே தட்டில் வைத்து ஒதுக்கலாமா?

இரண்டாவது எண்ணம் இதற்கு நேர்மாறானது: “சான்றிதழ் கிடைக்கிறதல்லவா, எல்லாவற்றிலும் சேர்.” அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன் மாணவர்களுக்குக் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் வழங்கப்படுகின்றன. இந்தப் 10 விழுக்காடு நம்மில் பலரைச் சான்றிதழ் சேகரிப்பவர்களாக ஆக்கிவிட்டது. தொடக்கப்பள்ளியிலிருந்தே கோப்பு தடிக்கிறது. ஆனால், அந்தப் பிள்ளை ஒரு கூட்டத்தை நடத்தியிருக்கிறானா? ஒரு கூட்டக் குறிப்பை எழுதியிருக்கிறானா? கோப்பு அதைச் சொல்லாது.

வளாக நடவடிக்கையின் உண்மையான பயன் மேடையில் இல்லை. மேடைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பொங்கல் விழாவை நடத்த வேண்டுமானால், ‘கெர்தாஸ் கெர்ஜா’ எனப்படும் நிகழ்ச்சித் திட்ட வரைவை முதலில் எழுத வேண்டும். நோக்கம், செயற்குழு, வரவு செலவு, நிரல் ஆகியவற்றை அதில் தெளிவாகக் காட்ட வேண்டும். மாணவர் விவகாரப் பிரிவின் ஒப்புதல் பெற வேண்டும். மண்டபத்திற்கு முன்பதிவு செய்ய வேண்டும். ஆதரவாளர்களைத் தேடிக் கடிதம் எழுத வேண்டும். விழா முடிந்ததும் கணக்கும் அறிக்கையும் ஒப்படைக்க வேண்டும். இவை அனைத்தையும் ஒரு முறை செய்தவன், வேலைக்கான நேர்முகத் தேர்வில் தடுமாற மாட்டான். நான்கு ஆண்டுகளும் கலை இரவில் ஆடியவனுக்கு ஆடல் தெரியும், அது நல்லதே. ஒரே ஒரு முறையேனும் திட்ட வரைவு எழுதியவனுக்கு அலுவலகம் தெரியும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நம் மாணவர்களில் பலர் நான்கு ஆண்டுகளையும் இந்திய மாணவர் சங்கத்திற்குள்ளேயே கழித்துவிடுகின்றனர். அச்சங்கங்கள் தேவை; வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு அவை ஒரு நிழல். ஆனால், சொற்போர்க் கழகம், மாணவர் பேரவை, ஆய்வுக் குழு ஆகியவற்றின் அறிவிப்புகளும் அதே பலகையில்தான் இருக்கின்றன. அவை நமக்கல்ல என்று யாரும் சொல்லவில்லை; நாமே சொல்லிக்கொள்கிறோம்.

அறிவிப்பில் தமிழின் இடம்

வளாகத்தில் தமிழ் அறிவிப்பு ஒன்றைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருசேர எழும். மகிழ்ச்சி, தமிழைக் காண்பதால். வருத்தம், அதில் உள்ள பிழைகளால். லகர ளகர ழகர வேறுபாடு மறைந்து நிற்கும். வலி மிக வேண்டிய இடத்தில் மிகாமலும் மிகக்கூடாத இடத்தில் மிகுந்தும் காணப்படும். சில இடங்களில் தமிழ் ஒலியை உரோமன் எழுத்தில் எழுதிவிடுகின்றனர். தமிழ் விழாவுக்கான அழைப்பே இப்படி இருந்தால், விழா எதற்கு?

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. தமிழில் வருபவை எல்லாம் விழா அழைப்புகளே. பணம், பதிவு, வாய்ப்பு எவையும் தமிழில் வருவதில்லை. நம் தாய்மொழி கொண்டாட்டத்திற்கு மட்டுமே உரியது, காரியத்திற்கு உதவாது என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் இதனால் வேரூன்றுகிறது. பல்கலைக்கழக நிர்வாகம் தமிழில் அறிவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாணவர் சங்கங்கள் செய்யலாமே! கடனுதவிக்கு விண்ணப்பிப்பது எப்படி, இட ஒப்புதலை எந்நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனைப் பாரத்தை யார் நிரப்ப வேண்டும் என்பனவற்றை நல்ல தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வெளியிட்டால், தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் தாய் அதைப் படித்துப் புரிந்துகொள்வாள். தன் பிள்ளையிடம், “இதைச் செய்துவிட்டாயா?” என்று கேட்க அவளுக்கு ஒரு வழி பிறக்கும். ஒரு கலை இரவுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குத் தேவைப்படாது.

தமிழில் வெளிவந்த வேண்டுகோள் ஒரு பல்கலைக்கழகத்தையே தொட்ட வரலாறு நமக்கு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய 1950களில், அங்கு அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறையில் முதன்மை வடமொழிக்கா தமிழுக்கா என்னும் விவாதம் எழுந்தது. தமிழவேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வழியாகத் தமிழுக்காகக் குரல் கொடுத்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. எளிய மக்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். 1956இல் துறை தோன்றியது. தமிழ் அதில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூரில் நிலைபெற்றது. தனிநாயகம் அடிகள் அதன் தலைவராக இருந்தபோதுதான், 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாதவர்கள். ஆனால், ஒரு வேண்டுகோளைப் படித்தார்கள், தங்களுக்குரியது என்று எண்ணினார்கள், செய்தார்கள். வாசல் திறந்த பின் உள்ளே சென்றிருக்கும் நம் பிள்ளைகளிடம் இப்பண்பைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

குறை சொல்வது எளிது. செய்யக்கூடிய சிலவற்றை முன்வைக்கிறேன்.

1. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவிப்பை ஒரு முறை மட்டும் சொல்வோம், பலகையிலும் ஒட்டுவோம். மறந்தால் என்ன என்று அவர்களே உணரட்டும். பன்னிரண்டு வயதில் வண்ணப் பென்சில் கொண்டுவர மறந்தால் ஒரு பாடவேளைதான் வீணாகும்; பத்தொன்பது வயதில் மறந்தால் ஓர் ஆண்டே வீணாகலாம்.

2. அறிவிப்பைப் படிக்கக் கற்பிப்போம். யாருக்கு? என்ன செய்ய வேண்டும்? எந்நாளுக்குள்? எங்கே? ஐயமிருந்தால் யாரிடம் கேட்பது? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதப் பழக்கலாம். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். சோதனை அகற்றப்பட்ட பிறகு, கருத்துணர்தலை விடைத்தாளுக்காக அன்றி வாழ்க்கைக்காகக் கற்பிக்க நமக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வோம்.

3. அறிவிப்பை எழுதும் பொறுப்பை மாணவருக்கே கொடுப்போம். தமிழ்மொழிக் கழகத்தின் அறிவிப்பை ஆசிரியர் ஏன் எழுத வேண்டும்? மாணவர் எழுதட்டும், பிழையை நாம் திருத்துவோம். நாள் குறிப்பிட மறந்த அறிவிப்பைப் படித்துவிட்டு நண்பர்கள் வந்து கேட்கும்போது, எழுதியவன் தானாகக் கற்றுக்கொள்வான்.

4. புறப்பாடக் கழகக் கூட்டங்களைப் பெயருக்கு நடத்தாமல், செயலாளர் உண்மையிலேயே குறிப்பெழுதும்படியும் பொருளாளர் உண்மையிலேயே கணக்கு வைக்கும்படியும் நடத்துவோம். ஐம்பது வெள்ளிக் கணக்காக இருந்தாலும் கணக்கு கணக்குதான்.

5. பெற்றோர்களே, பிள்ளை ஐந்தாம் ஆண்டுக்கு வந்ததும் புலனக் குழுவில் “நாளைக்கு என்ன சட்டை?” என்று கேட்பதற்கு முன், உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரியவில்லை என்றால், தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

“ஆசிரியருக்கு ஏற்கனவே உள்ள சுமை போதாதா?” என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். மேலே கூறியவற்றில் பெரும்பாலானவை கூடுதல் வேலை அல்ல. நாம் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைக் குறைப்பவை. மூன்று முறை சொல்வதை ஒரு முறையாக்குவதால் சுமை கூடாது.

“பல்கலைக்கழகம் அல்லவா இதைக் கற்பிக்க வேண்டும்?” என்பாரும் உண்டு. அறிமுக வாரத்தில் அவர்கள் சொல்லத்தான் செய்கின்றனர். ஆனால், ஒரு வார விளக்கத்தால் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் மாறிவிடுவதில்லை.

நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்திற்குள் நுழைவதற்கு நாம் படும் பாடு பெரிது. பொருள் செலவழிக்கிறோம், வேண்டுதல் வைக்கிறோம், மேல்முறையீடு எழுதுகிறோம். உள்ளே நுழைந்த பின் அங்கே அவர்களுக்காகத் திறந்திருக்கும் கதவுகளை, பூட்டப்படும் நாளுக்குள் அவர்களாகவே கண்டறியும் திறனையும் கொடுத்து அனுப்புவோம். வரும் திங்கட்கிழமை சபைகூடலிலேயே தொடங்கலாம்.

சிந்திப்போம், செயற்படுவோம்.